அம்மா பக்கத்து இடம்

சாந்தோம்,
8.9.2025
மாதா பிறந்த நாள்

சேசு மரி சூசை

அன்புள்ள யூஜீனியாவுக்கு,

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் மகன் ஜெரோம் போனிலும் அதே கதைதான். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தேன். சாந்தோமுக்கும் அடையாறுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பாலம். நேரில் வந்து கதவைத் தட்டலாம் என்றால், நீ திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் எனக்கு அவமானம். அதனால்தான் தபால். கடுதாசி வந்தால் கட்டாயம் பதில் போட வேண்டும் என்று அம்மா நம் இரண்டு பேரையும் சொல்லி வளர்த்தாள். நீ மறந்திருக்க மாட்டாய்.

நேற்று ஆறரைப் பூசையில் உன்னைப் பார்த்தேன். பெசன்ட் நகரில் திருவிழாக் கூட்டம் தாங்காமல் இங்கே வந்திருப்பாய் என்று நினைக்கிறேன். அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் தூணை ஒட்டி நின்றாய். இளைத்துவிட்டாய். பரலோக மந்திரம் சொல்லும்போது எல்லா வரிக்கும் உன் வாய் அசைந்தது. பிறரை நாங்கள் மன்னிப்பது போல எங்களை மன்னியும் என்று கேட்கிற வரி வந்ததும் மூடிக்கொண்டாய். அது முடிந்த பிறகு மறுபடி திறந்தாய். பாட்டுக்குழுவில் இருபது வருஷம் உன் இடது பக்கத்தில் நின்றவள் நான். நீ எங்கே மூச்சு வாங்குவாய், எங்கே வாயை மட்டும் அசைத்து ஏமாற்றுவாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா?

சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி யாரோ ஒரு பெரியவரைக் கும்பிட்டாய். நற்கருணை வாங்கவும் போகவில்லை. உன் ஆத்துமத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கிறிஸ்தவர்களாகப் பிறந்துவிட்டோம். மன்னிப்பது நமக்கு இஷ்டம் இருந்தால் செய்கிற காரியம் இல்லை. ஏழெழுபது தடவை மன்னிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிச் சொல்லி, அதை நம் சிலேட்டில் பெருக்கியே காட்டினார். நானூற்றுத் தொண்ணூறு. நீ முதல் தடவையிலேயே மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிறாய்.

யோசித்துப் பார். உனக்காகத் தினமும் பத்து மணி உருட்டிச் செபமாலை சொல்கிறேன்.

உன் அக்கா,
பெர்னதெத்


அடையாறு,
15.9.2025

அக்கா,

மேலே சேசு மரி சூசை போடவில்லை. கோபத்தில் எழுதுகிற கடிதத்துக்கு அந்த மூன்று பேரையும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பாதே. நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அடித்தவள் வந்து, வலிக்கிறது என்று சொல்வது பாவம் என்று பிரசங்கம் செய்கிறாள். நன்றாக இருக்கிறது நியாயம். உனக்கு ஞாபகமறதி வந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

2022 ஜூலை பத்தொன்பது. என் வீட்டுக்காரர் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். புதுக் குழிக்கு ஊரில் இடம் கிடையாது, குடும்பக் கல்லறை இருந்தால் திறந்து வைக்கலாம் என்று கல்லறை ஆபீசில் சொன்னார்கள். அப்பா அம்மா கல்லறையின் சீட்டு மூத்தவள் என்று உன் பெயரில் இருக்கிறது. உன் கையெழுத்து ஒன்று போதும். ஜெரோம் மழையில் நனைந்துகொண்டு உன் வாசலில் வந்து நின்றான். நீ அவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாய். பிறகு, கோதண்டபாணி எந்தக் கோயில் ஆள் என்று அவருக்கே தெரியாது, அவரை அம்மா பக்கத்தில் படுக்க வைக்க என்னால் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாய். பிள்ளை அந்தக் காப்பியைத் தொடாமல் வந்தான்.

எந்தக் கோயில் ஆள் என்று தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் அவரை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தது யார்? "பரலோகத்துல கீற எங்க பிதாவே" என்று அவர் ஆரம்பிப்பார். கீற இல்லை, இருக்கிற என்று நீ அதட்டுவாய். பத்துத் தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னாய். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் நோட்டைக் கட்டிக்கொண்டு வந்து காட்டினார், இருபத்தெட்டு வயசு மனுஷன். பவுல் என்று பெயர் வைத்ததும் நீதான்.

நீ முடியாது என்றதும் அவர் தம்பி வந்தார். "இன்னா அண்ணி, உங்காளுங்க எடம் இல்லைன்ட்டாங்களா? எங்கண்ணனுக்கு நாங்க கீறோம்" என்றார். தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் செய்தார்கள். சாம்பலைப் பட்டினப்பாக்கத்துக் கடலில் விட்டாயிற்று.

கல்லறைத் திருநாள் அன்று ஊரே குழிகளைக் கழுவிப் பூ வைக்கிறது. எனக்கு மெழுகுவத்தி கொளுத்த ஒரு சாண் மண் கிடையாது. அதனால்தான் சாயங்காலம் வந்து அப்பா அம்மா கல்லின் ஓரத்தில் அவருக்கும் சேர்த்து ஒன்று வைக்கிறேன். நீ காலையில் வந்துபோன மெழுகு அங்கே உருகிக் கிடக்கும். அதைத் தொடாமல் என்னுடையதைத் தள்ளி வைக்கிறேன். உனக்கு இது தெரியுமோ என்னவோ.

அந்த வரியை நான் சொல்வதில்லை. உண்மைதான். சொன்னால் பொய்யாகும். பூசையில் நின்று பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான்.

யூஜீனியா


சாந்தோம்,
23.9.2025

சேசு மரி சூசை

யூஜி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துப்பிழை நான்கு இருக்கிறது, திருத்தவில்லை.

மெழுகுவத்தி விஷயம் தெரியும். உன்னுடையது நீலம், அதுவும் கல்லின் கால்மாட்டில் இருக்கும். நவம்பர் மூன்றாம் தேதி காலையில் போய்ப் பார்ப்பேன். நீ வந்தாயா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

நோட்டு விஷயத்தை எழுதி என்னைச் சிரிக்க வைத்துவிட்டாய். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கீழ் வீட்டு ஜோதிலட்சுமி என்ன டீச்சர் என்று ஏறி வந்து பார்த்தாள். கோயில் திருவிழாவுக்கு அவர் முதன்முதலில் மைக் செட் போட வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நாம் பாட்டுக்குழுவில் நின்றோம். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து, அந்த மைக் செட்காரன் உன்னையே ஆந்தை மாதிரி முழித்துப் பார்க்கிறான், தலையைக் குனிந்துகொள் என்று உன்னிடம் சொன்னேன். நாலு குழாய் ஸ்பீக்கரிலும் போனது. கடற்கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்களாம். அவர் நேராக என்னிடம் வந்து, "ஆந்தை இல்ல டீச்சர், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கினு இருந்தேன்" என்றார். ஆம்ப்ளிஃபயர் எதிர்த் திசையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எனக்கு வாழ்த்து அட்டையில் ஆந்தை என்றுதான் கையெழுத்துப் போடுவார். முப்பத்துநாலு அட்டை இருக்கிறது. தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆனால் யூஜி, நீயும் என் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அறுபத்துமூவருக்கு மயிலாப்பூரில் மைக் போடுவார், பிறகு அங்கேயே நின்று நீர்மோர் ஊற்றுவார். கேட்டால், எல்லாச் சாமிக்கும் தொண்டை நம்ம ஸ்பீக்கர்தான் என்பார். ஊர் என்ன பேசும்? அந்தக் கல்லறை நம் ரத்தத்துக்கு மட்டும் என்று அப்பா ஒரு தடவை சொன்னதாக எனக்கு ஞாபகம். மூத்தவள் என்று பொறுப்பு என் தலையில் இருந்தது. எனக்குச் சரி என்று பட்டதைச் செய்தேன். அதில் உன் மனசு நோக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

நம் பாட்டுக்குழு போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நீ ரெட்டைச் சடையில் இருக்கிறாய்.

பெர்னதெத்


அடையாறு,
30.9.2025

அக்கா,

போட்டோ கிடைத்தது. ஓரத்தில் வயரைச் சுற்றிக்கொண்டு பாதி முகம் தெரிகிறதே, அது அவர்தான். நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. மருமகள் வர்ஷினி பெரிது பண்ணிக் காட்டினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

அப்பா அப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அக்கா, அப்பாவை இழுக்காதே. அவரும் இவரும் ஒரே ரேடியோவில் காதை வைத்துக் கிரிக்கெட் கேட்டவர்கள். கடைசி நாளில் அப்பா தன் செபமாலையைக் கழற்றி யார் கையில் கொடுத்தார்? என் கையிலும் இல்லை, உன் கையிலும் இல்லை. இவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எல்லா ஊர் கம்பத்திலும் ஏறினார். நீர்மோர் ஊற்றியதும் அதே சட்டையோடுதான். ஊர் பேசும் என்கிறாய். எந்த ஊர் பேசியது? அவர் செத்த அன்று மாட வீதியில் பந்தல் போடுகிறவர்களும் வந்தார்கள், தர்காவிலிருந்து ஹாஜிரா பீயும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். வராதவள் நீ ஒருத்திதான்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. பழசு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, ஊர் இருக்கிறது, அப்பா இருக்கிறார். ஒரு வார்த்தைதான் இல்லை. அதைக்கூட நான் கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் சொல். முப்பத்துநாலு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறவள், அதை அனுப்பினவருக்கு ஆறடி ஏன் கொடுக்கவில்லை? நீ சொன்ன காரணம் எதையும் நான் நம்பவில்லை. உன்னை எனக்கு அறுபத்திரண்டு வருஷமாகத் தெரியும். பொய் சொல்லும்போது நீ வாக்கியத்தை நீளமாக எழுதுவாய்.

உண்மையைச் சொல்ல முடியாது என்றால் இனி எழுதாதே. நானும் அம்மா சொன்னபடி பதில் போட்டுவிட்டேன் என்று இருந்துகொள்கிறேன்.

யூஜீனியா


சாந்தோம்,
13.10.2025

யூஜி,

இந்தத் தடவை நானும் மேலே எதுவும் போடவில்லை. போடப் போனேன், கை வரவில்லை.

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. இதற்கு முன்னால் ஒவ்வொரு மாதமும் போய், கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன், வேலைக்காரியைத் திட்டினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லி எழுந்து வந்தேன். இதை மட்டும் உள்ளேயே வைத்திருந்தேன். நான் நற்கருணை வாங்கினேன், நீ வாங்கவில்லை. அந்தப் பூசையில் நம் இருவரில் யார் யோக்கியமாக நின்றது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடவுளிடம் சொல்லிவிட்டீர்கள் டீச்சர், இன்னும் உங்கள் தங்கையிடம் சொல்லவில்லையே என்றார்.

சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன்.

எனக்குப் பயம்.

அந்தக் கல்லறையை ஒரு தடவை திறந்து மூடினால் பதினாலு வருஷத்துக்கு மறுபடி திறக்க விட மாட்டார்கள். அம்மாவை வைத்து அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. திறக்கலாம். அந்த ஜூன் மாதம்தான் டாக்டர் என் இதயத்தில் அடைப்பு என்று சொல்லியிருந்தார். உன்னிடம் சொல்லவில்லை. ஜெரோம் வாசலில் நின்றபோது எனக்கு வயசு அறுபத்தேழு. அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அறுபத்தேழும் பதினாலும் எண்பத்தொன்று. அதுவரை நான் இருக்க மாட்டேன். அப்படியென்றால் என்னை எங்கே வைப்பார்கள்? ஊருக்கு வெளியே யாருமே வராத இடத்தில், பெயர் தெரியாதவர்கள் நடுவில். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. நீ உன் வீட்டுக்காரரோடு போய்விடுவாய். அம்மா பக்கத்து இடம் ஒன்றுதான் என்னுடையது என்று அம்மா போனதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அவர் எந்தக் கோயில் ஆள் என்று கேட்டேன். என் கையால் நெற்றியில் சிலுவை போட்டு, ஞானத்தாயாக நின்று, பவுல் என்று பெயர் வைத்த மனுஷனை நானே யாரோ என்றேன். ஜெரோம் போன பிறகு அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். அடக்கத்துக்கு வர எனக்கு என்ன முகம் இருந்தது? அடக்கம் இல்லை, எரித்துவிட்டார்கள் என்று ஜோதிலட்சுமிதான் வந்து சொன்னாள்.

மன்னித்துவிடு யூஜி. முதல் கடிதத்தில் இதை எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதில் உனக்குப் பாடம் எடுத்தேன்.

இதோடு கல்லறைச் சீட்டை உன் பெயருக்கு மாற்ற நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது. அம்மா பக்கத்தில் நீ இரு. என்னை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும்.

பெர்னதெத்


அடையாறு,
20.10.2025

அக்கா,

இன்று தீபாவளி. வெளியே வெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வர்ஷினி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஜெரோமும் போயிருக்கிறான். எழுத எனக்கு நேரம் கிடைத்தது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அழுதேன். உனக்காகத்தான் அழுதேன், அதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை எழுந்ததும் முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எந்தக் கோயில் என்று நீ நிஜமாகவே நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, பிடிவாதக்காரி என்று விட்டிருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறாய். அவரைக் கேவலமாகப் பேசி உன் பயத்தை மறைத்திருக்கிறாய். அதை என்னால் சட்டென்று விழுங்க முடியவில்லை.

இதயத்தில் அடைப்பு என்றால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? அடுத்த மாதம் டாக்டரிடம் எப்போது போக வேண்டும், எழுது. இது மன்னிப்பு இல்லை. தனி விஷயம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் உனக்கு வலிக்கும். சொல்லாமல் நான் வைத்துக்கொண்டால் நானும் உன்னைப் போலத்தான் ஆவேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று குழியை மூடும்வரை நீ அங்கேயே நின்றாய். யார் கூப்பிட்டும் வரவில்லை. நாங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் உனக்காகக் காத்திருந்தோம். அப்போது இவர் என்னிடம் சொன்னார்: "உங்கக்கா தனியா கீது. அடுத்த எடம் அதுக்குத்தான். நம்ம ரெண்டு பேரும் எங்கினா படுத்துக்கலாம், நீ ஒண்ணும் போட்டிக்குப் போகாதே."

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னது. அவர் செத்த அன்று அது என் நினைவுக்கு வரவே இல்லை. எனக்கு அப்போது எதுதான் நினைவில் இருந்தது? உன் கடிதத்தைப் படித்ததும் வேப்பமரத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது ஜெரோம், அது என் இடம் என்று நீ வாசலில் சொல்லியிருந்தால், அவன் வந்து என்னிடம் சொல்லியிருப்பான், எனக்கும் அது ஞாபகம் வந்திருக்கும். அவரை ஊருக்கு வெளியேயாவது மண்ணில் வைத்திருப்பேன். அவர் உனக்கு எப்போதோ கொடுத்துவிட்ட இடம் அக்கா. அதற்காக நீ அவரைத் துரத்தியிருக்கிறாய்.

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை.

யூஜீனியா


சாந்தோம்,
27.10.2025

யூஜி,

வேப்பமரம் இன்னும் இருக்கிறது. நேற்றுப் பூசை முடிந்து போய் அதன் அடியில் நின்றேன். வெகு நேரம் நின்றேன். அவருக்கு என்னால் இனிப் பதில் சொல்ல முடியாது. அதுதான் பெரிய தண்டனை, பரிகாரமாகச் சாமியார் சொல்லச் சொன்ன பத்து மணிச் செபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

கல்லறை வாசலில் பெயர் வெட்டுகிறவர் சைஃப் என்று ஒருவர். அப்பா அம்மா கல்லில் இன்னொரு பெயர் வெட்ட முடியுமா என்று கேட்டேன். "யாரு டீச்சர், எப்ப வெச்சாங்க?" என்றார். வைக்கவில்லை, கடலில் இருக்கிறார் என்றேன். "இன்னா டீச்சர், உள்ளே ஆள் இல்லாம கல்லுல பேரா?" என்று சிரித்தார். ஆளை வெளியே நிறுத்தியது நான்தான், பெயராவது உள்ளே போகட்டும் என்று சொன்னேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டு, பேரை எழுதிக் கொடுங்க என்று காகிதம் நீட்டினார்.

எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் முடிவு செய்து உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். பெயர் வெட்டலாமா? வெட்டலாம் என்றால் எந்தப் பெயர்? வேண்டாம் என்றாலும் சொல், எனக்கு அது நியாயம்தான்.

கல்லறைத் திருநாளுக்கு வழக்கம்போலக் காலையில் வந்து கழுவிவிட்டுப் போய்விடுவேன். சாயங்காலம் உன்னுடையது. உன் வழியில் நான் நிற்க மாட்டேன். கால்மாட்டில் நீ மெழுகுவத்தி வைக்கிற இடத்தை நன்றாகத் தேய்த்து வைக்கிறேன்.

டாக்டரிடம் நவம்பர் பதினொன்றாம் தேதி போக வேண்டும். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

பெர்னா


அடையாறு,
31.10.2025

சேசு மரி சூசை

பெர்னா அக்கா,

மேலே பார்த்தாயா? போட்டிருக்கிறேன். ரொம்பச் சந்தோஷப்படாதே, முழுவதும் படி.

போன ஞாயிறு பெசன்ட் நகர் கோயிலில் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். பாதி வந்தது. அதோடு நின்றுவிட்டது, பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மீதிப் பாதி எனக்குத் தனியாக வராது போலிருக்கிறது. பாடும்போதுகூட உயரமான இடம் வந்தால் நீ என் இடது பக்கத்தில் நின்று சுருதி கொடுப்பாய், நான் பிடித்துக்கொள்வேன். நாளை மறுநாள் கல்லறைப் பூசைக்கு வா. காலையும் வேண்டாம், சாயங்காலமும் வேண்டாம், இரண்டு பேரும் பூசை நேரத்துக்கே போவோம். வந்து பழையபடி என் இடது பக்கத்தில் நில்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரேயடியாக எழுத முடியவில்லை அக்கா. இன்று காலை மன்னித்தேன். மத்தியானம் அவர் சட்டையை மடித்து வைக்கும்போது மறுபடி கோபம் வந்தது. மறுபடி மன்னித்தேன். நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். அப்பா சிலேட்டில் நானூற்றுத் தொண்ணூறு என்று பெருக்கிக் காட்டியது நானூற்றுத் தொண்ணூறு குற்றத்துக்கு என்று சின்ன வயசில் நினைத்தேன். ஒரே குற்றத்துக்கே அவ்வளவும் தேவைப்படும் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது, நீ பொறுத்துக்கொள்.

பெயர் வெட்டச் சொல். பவுல் கோதண்டபாணி. நீ வைத்ததும் வேண்டும், அவர் அம்மா வைத்ததும் வேண்டும். அதற்குக் கீழே உன் பெயருக்கு இடம் விட்டு வெட்டச் சொல். அந்த இடம் உன்னுடையது. கொடுத்தவர் அவர், மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. நீ போய்விட்டால் அதற்குப் பிறகு பதினாலு வருஷம் நான் சாகக் கூடாது, அப்போது எனக்கும் அங்கேயே கிடைக்கும். அதனால் நீயும் அவசரப்படாதே. பதினொன்றாம் தேதி டாக்டரிடம் நானும் வருகிறேன்.

தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. ஜெரோமிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் முதலில் மாட்டேன் என்றான். நீ இதைப் படித்து முடிக்கும்வரை உன் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பான். பெரியம்மா என்று கூப்பிடத் தயங்குவான், நீயே முதலில் கூப்பிடு. உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடு. இந்தத் தடவை குடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

யூஜி